மோட்டார் இல்லாத விமானக் கக்கூஸ்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று எந்தச் சாமி எப்போது சொன்னது என்று கொழிஞ்சிவிளையில் யாருக்கும் தெரியாது, கேட்டால் அடிக்க வருவார்கள், ஏனென்றால் அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரில் மழை பொய்க்கும், பனை பொய்க்கும், ஓட்டுக் கேட்டு வந்தவன் சொன்ன தண்ணீர்க்குழாய் தேர்தலுக்குத் தேர்தல் பொய்க்கும், ஆனால் சூல்கொண்ட மகளை அம்மாக்காரி போய்க் கூட்டிக்கொண்டு வருவது மட்டும் ஒருநாளும் பொய்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து தவசிக்கனி, தன் ஒரே மகள் பூங்கனி முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி கேட்டு, முந்திரிக்கொத்தும் சீனிமிட்டாயும் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போனபோது, மகளின் மாமியார் வெள்ளத்தாய் பலகாரத்தை இரண்டு கையாலும் வாங்கி வைத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல், பிரசவத்துக்கு மட்டும் மருமகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“கோவிச்சுக்காதிய மைனி. ஒங்க வீட்டுல கக்கூஸ் இல்லன்னு நான் சொல்லல, இருக்கு. அதுக்குள்ள ஆடுல்லா நிக்கி? நெறமாசக்காரி செம்பத் தூக்கிக்கிட்டு உடமுள்ளுக் காட்டுக்குள்ள நடப்பாளா?”

சம்பந்தி சொன்னது உண்மை. கொழிஞ்சிவிளையில் கக்கூஸ் இல்லாத வீடே கிடையாது, அரசாங்கம் வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தது, ரோஸ் கலரில் பெயிண்டும் அடித்துக் கொடுத்திருந்தது, ஆனால் குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்து குடத்துக்குக் குடம் சண்டையில் முடிகிற ஊரில் எவள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் குழிக்குள் ஊற்றுவாள், அதனால் சில வீட்டில் அதற்குள் ஆடு நின்றது, சில வீட்டில் பனைமட்டை அடுக்கியிருந்தது, ஊர்த் தர்மகர்த்தா பால்துரை வீட்டில் மட்டும் பழைய மைக்செட் இருந்தது. தவசிக்கனி பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரே மகள், அவளுக்கும் தலைச்சன், அதைத் தன் கையால் வாங்க முடியவில்லையென்றால் தான் பெற்றதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குள் புலம்பினாள்.

அவள் புருஷன் சுயம்புலிங்கம் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் வேலை பார்த்தான், விமானம் தரையிறங்கியதும் அதன் வயிற்றுக்கடியில் ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, கனத்த குழாயை மாட்டி, கக்கூஸ் தொட்டியில் சேர்ந்திருப்பதை எல்லாம் உறிஞ்சி எடுப்பது அவன் வேலை. ஊரில் அவனை ‘பைலட்’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், சம்பளம் ஒழுங்காக வந்தது. அவனிடம் தவசிக்கனி போனில் அழுதாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, பெரிய ரகசியத்தைச் சொல்கிறவன் மாதிரி குரலைத் தாழ்த்தினான்.

“ஏட்டி, ப்ளேன் கக்கூஸுக்கு ஒரு தம்ளர் தண்ணி போதும், தெரியுமா?”

“அப்பம் எப்படிப் போவும்?”

“காத்துதான் இழுத்துக்கிட்டுப் போவும். மேல போனபெறவு ப்ளேனுக்கு உள்ள காத்து நெறஞ்சு இருக்கும், வெளிய காத்து ரொம்பக் கொறச்சல். பொத்தான அமுக்குனா குழாய் வாயத் தெறக்கும், உள்ள கெடக்க காத்து வெளிய ஓடப் பாக்கும்லா, அந்த ஓட்டத்துல எல்லாத்தையும் வாரிச் சுருட்டிக்கிட்டு, வால் பக்கத்துல இருக்க தொட்டிக்குப் போயிரும். பீங்கான்ல ஒண்ணும் ஒட்டாது, அப்படி வழுவழுன்னு பூசியிருப்பாவ.”

“பெறவு வானத்துல கொட்டிருவாவளோ?”

“கொட்டுனா எனக்கு எதுக்குட்டி வேல?” என்றான் சுயம்பு.

அங்கே ஒரு கிழட்டு விமானத்தைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சுயம்பு அதிலிருந்து ஒரு கக்கூஸை வாங்கி, கம்பளியில் சுற்றி, குழந்தைக்குத் தொட்டில் அனுப்புகிற பக்குவத்தில், உடன்குடிக்காரர் ஒருவர் சாமான் ஏற்றிய கப்பல் பெட்டிக்குள் வைத்து அனுப்பினான். அது வந்து இறங்கிய அன்று ஊரே கூடி நின்று பார்த்தது, கொத்தனார் தங்கமாடன் ஆட்டை அவிழ்த்து வெளியே விட்டு, கழுவித் துடைத்து, பீங்கானை நட்டு, குழாயைக் குழித் தொட்டியோடு இணைத்து, சுவரில் பொத்தானைப் பதித்து முடித்தபிறகுதான், ஒரு குழாய் முனை மட்டும் எதிலும் சேராமல் நிற்பதைக் கண்டு தலையைச் சொறிந்தார். சுயம்புவுக்கு வீடியோவில் அதைக் காட்டினார்கள். அவன் அந்த முனையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னான்.

“அதுல மோட்டார் வரணும்,” என்றான் கடைசியில். “தரையில நிக்கும்போது வெளியயும் காத்து இருக்கும்லா, அப்பம் தானா இழுக்காது. மோட்டார் ஓடுனாத்தான் இழுக்கும். அத... அத நான் வாங்கலட்டி.”

“வாங்கலன்னா?”

“மறந்துட்டேன்.”

தங்கமாடன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், பக்கத்து வீட்டு அன்னப்பழம் துண்டு வைக்காமலே சிரித்தாள், கல்யாணத்துக்குப் போய்த் தாலியை மறந்த கதை என்று பால்துரை சொன்னார். தவசிக்கனி எல்லாரையும் காம்பவுண்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் மேல் இருந்த கோபம், சம்பந்தி மேல் இருந்த கோபம், மழை பெய்யாத வானத்தின் மேல் இருந்த கோபம் எல்லாவற்றையும் கட்டைவிரலில் கொண்டுவந்து, அந்தப் பொத்தானை ஓங்கி அமுக்கினாள்.

கக்கூஸ் ‘ஸ்ஸ்ஸ்ர்ர்ரூக்’ என்று இழுத்தது. மோட்டார் இல்லை, கரண்டு வயர்கூட இல்லை, இழுப்பதற்கு அதற்கு ஒரு வெறுமை வேண்டியிருந்தது, அது தரையில் கிடைக்காததால் கிடைக்கிற இடத்துக்குப் போயிற்று, தனியாகப் போகாமல் வீட்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. தவசிக்கனிக்குக் காது அடைத்தது. வெண்டிலேட்டர் வழியே வழக்கமாகத் தெரிகிற பனைமரத் தலைகளைக் காணவில்லை, அங்கே வெள்ளை வெளேரென்று மேகம் நின்றது, குளிர் முழங்காலுக்குக் கீழே வந்து தொட்டது. அவள் விரலை எடுத்தாள், வீடு இருந்த இடத்தில் வந்து இருந்தது, அடுப்பில் வைத்திருந்த பால்கூடச் சிந்தவில்லை. பரவாயில்லை, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

வெளியே நின்றவர்கள் பார்த்தது வேறு. காம்பவுண்டுச் சுவரும் முருங்கை மரமும் குழித் தொட்டியும் சேர்த்து வீடு மொத்தமாக எடுபட்டு, அந்த இடத்தில் சதுரமாகச் சிவப்புக் குழி மட்டும் கிடந்தது, நல்ல வெயிலில் அலைந்த ஒரு நாய் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அதற்குள் குதித்தது, வீடு திரும்ப இறங்கும் முன்னால் அதை விரட்டுவதற்குள் எல்லாருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. அன்னப்பழம் முதலில் கேட்ட கேள்வி, “மேல இருந்து ஏதும் கீழ விழுமா? நான் கருவாடு காயப் போட்டுருக்கேன்,” என்பதுதான். தொட்டி வீட்டோடு போய் வீட்டோடு வருகிறது, ஒரு சொட்டு விழாது என்று தவசிக்கனி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அப்படியும் அன்னப்பழம் தொடர்ந்து ஒரு மாதம் கருவாட்டின்மேல் பாய் போட்டு மூடினாள், பிறகு அவளுக்கே சலித்துவிட்டது.

ஊருக்குப் பழகுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. போஸ்ட்மேன் வந்து வீட்டைக் காணாவிட்டால் வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி ஒரு பீடி பிடிப்பார், அதற்குள் வீடு வந்துவிடும். தவசிக்கனி வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள் காது அடைப்புக்குப் புளிப்பு மிட்டாய் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் அந்த மிட்டாய்க்கு ‘தவசி மிட்டாய்’ என்று பேர் வைத்தார். மேலே போகும்போது பக்கத்தில் ஏதாவது விமானம் போனால் கை காட்டுவது மரியாதை என்று ஆயிற்று, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் பதிலுக்குக் கை காட்டுவார்கள், காட்டாமல் போகிறவர்களைத் தவசிக்கனி “படிச்ச திமிரு” என்பாள்.

பால்துரை மட்டும் ஊர்க்கூட்டம் போட்டார். பத்திரகாளியம்மன் கோயில் கோபுரத்தைவிட உயரமாக யாரும் வீடு கட்டக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு, அதனால்தான் தன் மகன் இரண்டாவது மாடி கட்டவில்லை, இங்கே ஒருத்தி வெளிக்குப் போவதற்கு மேகத்துக்கு மேலே போய் வருகிறாள், இது என்ன நியாயம் என்றார். கூட்டம் மதியச் சாப்பாடு நேரம் தாண்டியும் நடந்தது.

“அண்ணாச்சி, நான் கட்டுனது ஒரு மாடிதான்,” என்றாள் தவசிக்கனி. “போறது வேற, கட்டுறது வேற. ஏணில ஏறுனா நீங்களுந்தான் கோபுரத்தைவிட ஒசந்துருவிய.”

கூட்டம் அம்மனையே கேட்கலாம் என்று முடிவு செய்தது, பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள், அம்மனுக்குச் சம்மதம் என்று வெள்ளைப்பூ வந்தது, ஆனாலும் அம்மனை விட்டுவிட்டு மேலே போகலாகாது என்று கழிப்பறைக்கு எதிர்ச்சுவரில், வீட்டின் கிழக்கு மூலையில், அம்மன் படம் ஒன்று மாட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மனும் தினம் மேலே போய் வந்தாள்.

மேகத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அன்னப்பழம்தான். ஒருநாள் தவசிக்கனியிடம் உப்பு கைமாற்று வாங்க வந்தவள், வீடு மேலே போன நேரத்தில் முற்றத்தில் மாட்டிக்கொண்டாள், இறங்கியபோது கட்டியிருந்த சேலை பிழியப் பிழிய நனைந்திருந்தது; அவள் வைய வாயைத் திறந்தாள், நாக்கில் பட்ட தண்ணீர் இனித்தது, வைவதை விட்டுவிட்டுக் குடம் எடுக்க ஓடினாள். பொத்தானிலிருந்து விரலை எடுக்காதவரை வீடு இறங்காது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். பிறகு ஊர்ப் பெண்கள் எல்லாம் குடமும் பழைய சேலையுமாக வந்தார்கள், வெளிநாட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்துக் கொடியில் சேலைகளைக் காயப் போடுவதற்குப் பதிலாக நனையப் போட்டார்கள், மேகம் அவற்றின் ஊடாகப் புகுந்து போகப் போக நனைந்த சேலையை அவிழ்த்துப் பிழிந்து குடத்தை நிறைத்தார்கள், ஒருத்தி உள்ளே நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பாள், விரல் மரத்துப்போனால் அடுத்தவள் போவாள். ஒரு தம்ளர் தண்ணீர் போதும் என்று வந்த கக்கூஸ் ஊருக்கே தண்ணீர் கொடுத்தது. லாரி வந்து ஹாரன் அடித்தால் எட்டிப் பார்க்க ஆளில்லை, டிரைவர் மனம் வெறுத்துப் போனார்.

பூங்கனிக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. தவசிக்கனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்பந்தியை வீடு பார்க்க வரச்சொன்னாள்.

வெள்ளத்தாய் காரில் வந்து இறங்கினாள், காபி குடித்தாள், நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வீடு போயிற்று, வந்தது. அவள் வெளியே வந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“குத்தம் சொல்லக்கூடாது மைனி. வாட இல்ல, ஈரம் இல்ல, எங்க வீட்டைவிடச் சுத்தமா இருக்கு. மேல போனா தூத்துக்குடி உப்பளம் தெரியுது, எங்க மொட்டை மாடிகூடத் தெரியுது, வத்தல் எடுக்காம வந்துட்டேன்.”

தவசிக்கனிக்கு முகமெல்லாம் பூத்தது. “அப்பம் புள்ளயக் கூட்டிட்டு வரலாம்லா மைனி?”

“அதெப்படி?” என்றாள் வெள்ளத்தாய். “என் சின்ன மருமவ எட்டாம் மாசம் மெட்ராஸுக்கு ப்ளேன்ல போவணும்னு போனா. டாக்டர் சீட்டு இல்லாம ஏத்த மாட்டோம்னு தள்ளி நிறுத்திட்டாவ. மாசம் ஏற ஏற, சீட்டு இருந்தாலும் ஏத்த மாட்டாவளாம். இங்க நெறமாசக்காரி ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போவா? அத்தன தடவையும் மேல போயிட்டு வந்தா என் பேரப்புள்ள என்னத்துக்கு ஆவும்?”

கக்கூஸ் இல்லாமல் போனதால் வராத மகள், இப்போது கக்கூஸ் இருப்பதால் வரமாட்டாள் என்றால் ஒரு மனுஷி எந்தச் சுவரில் போய் முட்டுவது? அவள் சம்பந்தியைக் கார் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்து சுயம்புவுக்குப் போன் போட்டாள். “அந்த மோட்டார வாங்கிக்கிட்டு நேர ஊருக்கு வாங்க,” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அவன் முன்பு மறந்த மோட்டாரைத் தன் கைப்பெட்டியிலேயே வைத்துக்கொண்டு லீவில் வந்து சேர்ந்தான்.

ஊருக்குச் சேதி தெரிந்தது. அன்னப்பழம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“மோட்டார் மாட்டிட்டா வீடு மேல போவாதாமே?”

“போவாது.”

“ஒம் மவ ஒருத்திக்காக ஊரு தவிச்ச வாயாக் கெடக்கணுமாட்டி?”

தவசிக்கனிக்குக் குற்றமாகத்தான் இருந்தது, அன்னப்பழத்தின் வீட்டில் பெரிய மருமகள், சின்ன மருமகள் என்று எத்தனை வாய் என்று அவளுக்குத் தெரியாதா. ஆனால் எதிர்த்தட்டில் இருந்தது மகள். “என் வயித்துல பொறந்தது ஒண்ணே ஒண்ணு, அன்னப்பழம். பேறுகாலம் முடியட்டும், பெறவு பாப்போம்,” என்றாள். அன்னப்பழம் எழுந்து போனாள், போனவள் பேச்சை நிறுத்திவிட்டாள், கைமாற்று வாங்கிய உப்பைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்து சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். தங்கமாடன் மனசில்லாமல் மோட்டாரை மாட்டினார். சுவிட்சைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் உர்ரென்று வெறுமையை உண்டாக்கிக் கொடுத்தது, கக்கூஸ் இழுத்தது, வீடு நின்ற இடத்தில் நின்றது, எல்லா ஊரிலும் எல்லா வீடும் நிற்பதைப்போல. லாரி டிரைவர் முதல்நாள் ஹாரனை விடாமல் அடித்தார்.

சுயம்பு லீவு முடிந்து போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: கரண்டு இல்லாதபோது பொத்தானைத் தொடக்கூடாது, தொட்டால் அது மறுபடி மேலே பார்க்க ஆரம்பித்துவிடும். அதனால் தவசிக்கனி ஒரு வாளித் தண்ணீரைத் தயாராக வைத்தாள், வளைகாப்பு முடிந்து கைநிறையக் கண்ணாடி வளையலோடு வந்து இறங்கிய பூங்கனிக்கு முதல் வேலையாக அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள். மகள் வந்த வீட்டில் மீன்குழம்பு கொதித்தது, உளுந்தங்களி கிண்டினார்கள், தவசிக்கனி மகளின் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வானத்தைப் பார்ப்பதை மறந்துபோனாள். ஊர் மறக்கவில்லை.

மின்வாரியம் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும், பேப்பரில் ஊர்ப்பேரோடு முன்னாடியே போட்டுவிடுவார்கள். அந்த மாதத்து அறிவிப்பைக் கொழிஞ்சிவிளையில் எல்லாரும் படித்தார்கள், டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள், தவசிக்கனிக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, அவளும் மகளைக் கவனிக்கிற மும்முரத்தில் பேப்பர் பார்க்கவில்லை. அன்று காலையில் முற்றம் தெளிக்க வந்தவள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி உள்பக்கமாகக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். மாதக்கணக்கில் பேசாத அன்னப்பழம் முருங்கை மரத்தடியில் சம்மணம் போட்டு, மடியில் பழைய சேலை மூட்டையோடு இருந்தாள்.

“என்னத்துக்கு இதெல்லாம்?”

“சும்மா, வெயில்ல காயட்டும்னு,” என்றாள் அன்னப்பழம். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் ஒன்றுமறியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் தோளிலும் அந்த வெயிலில் கம்பளி.

கரண்டு போயிற்று. அதே நேரத்தில் பூங்கனியைப் பார்க்க வெள்ளத்தாய் காரில் வந்து இறங்கினாள், கையில் மக்ரூன் டப்பா. அவள் டப்பாவைக் கீழே வைப்பதற்குள் உள்ளறையில் பூங்கனி “அம்மா” என்று கூப்பிட்டாள், அந்தக் கூப்பிடுதல் வேறு மாதிரி இருந்தது, இரண்டு சம்பந்திகளும் ஒன்றாக ஓடினார்கள்.

நாள் இன்னும் இருந்தது, ஆனால் பிள்ளை நாள் பார்க்கவில்லை. கிராம நர்ஸ் லீதியாள் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள், தொட்டுப் பார்த்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது, தேரி மணல் ரோட்டை மூடியிருந்த இடத்தில் சக்கரம் புதைந்து நின்றது, பால்துரையும் தங்கமாடனும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தள்ளப் போனார்கள். “அது வரட்டும் வராம போவட்டும், புள்ள இங்கனதான் பொறக்கும். யாரும் பயப்படாதிய,” என்று சொல்லிவிட்டு லீதியாள் கையைக் கழுவினாள். தவசிக்கனி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தாள், அம்மனே, பத்திரகாளி, ரெண்டு உசிரையும் குடுத்துரு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்குத் தலை சுற்றும், வெள்ளத்தாய்க்கு வயிற்றைக் கலக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். முற்றத்துப் பெண்கள் அவள் போவதைப் பார்த்தார்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, சேலை மூட்டையை மட்டும் மெதுவாக அவிழ்த்தார்கள். கரண்டு இல்லாதபோது வாளியில்தான் ஊற்றவேண்டும் என்று வெள்ளத்தாய்க்கு யார் சொன்னது? அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்து, நல்ல மனுஷி மாதிரி பொத்தானை அமுக்கினாள்.

தவசிக்கனிக்குக் காது அடைத்தது. ஜன்னலில் பனைமரம் போய் மேகம் வந்தது.

“ஐயோ, மைனி!” என்று அவள் கத்தினாள்.

“அத்தை விரல எடுத்துரச் சொல்லும்மா!” என்றாள் பூங்கனி வலிக்கு நடுவில்.

“எடுக்கக்கூடாது!” என்று லீதியாள் அதட்டினாள். “தல தெரியுது. இப்பம் வீடு குலுங்கி எறங்குச்சுன்னா நான் பொறுப்பில்ல. எல்லாம் முடியுற மட்டும் மேலயே நிக்கட்டும்.”

தவசிக்கனி கழிப்பறைக் கதவோரம் ஓடிப்போய், உயிரெல்லாம் தொண்டையில் வைத்துக் கூவினாள். “மைனி! விரல எடுத்துராதிய! ஒங்க பேரப்புள்ள வருது! அமுக்கிக்கிட்டே நில்லுங்க!”

“நிக்கேன்!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “திருச்செந்தூர் முருகா! நிக்கேன் மைனி, நான் எடுக்க மாட்டேன், நீங்க புள்ளயப் பாருங்க!”

அப்படியாக, பிள்ளைத்தாய்ச்சியை வானத்துக்கு அனுப்பமாட்டேன் என்ற மாமியார், தன் கட்டைவிரலால் அவளை வானத்திலேயே பிடித்து நிறுத்தினாள். கக்கூஸ் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தது, முருகனைக் கூப்பிடும் சத்தமும் அந்த இரைச்சலும் கலந்து கேட்டது, முற்றத்தில் அன்னப்பழம் கூட்டம் குடத்தை மறந்து, சேலையை மறந்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளறைக் கதவையே பார்த்து நின்றது. அத்தனை உயரத்தில் வலி லேசாக இருந்தது என்று பூங்கனி பின்னால் சொன்னாள். உள்ளே இருப்பது வெளியே ஓடப் பார்க்கிற இடமல்லவா அது, பிள்ளையும் பார்த்தது, அவள் முக்குவதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு லீதியாளின் கைக்கு வந்துவிட்டது.

பெண்பிள்ளை. அது வாயைத் திறந்து அழுதது, அந்த அழுகையைச் சுவர் தாங்கவில்லை, வெளியே மேகத்துக்குள் போய் எங்கெங்கோ உருண்டு திரும்பி வந்தது. தவசிக்கனி பேத்தியை இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, எதை முதலில் விடுவதென்று தெரியாமல் இரண்டையும் விட்டாள்.

லீதியாள் தொப்புள்கொடியை அறுத்து, செய்யவேண்டியதெல்லாம் செய்து முடித்துத் தலையாட்டிய பிறகுதான், தவசிக்கனி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்தாள். வெள்ளத்தாய் ஒரு கையால் பொத்தானை அமுக்கியபடி, ஒரு கையால் அம்மன் படம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி, முகமெல்லாம் வேர்த்து நின்றாள். வெண்டிலேட்டர் வழியே ஒரு பக்கம் தூத்துக்குடி உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது, மறுபக்கம் கொழிஞ்சிவிளைத் தேரி சிவப்பாகத் தெரிந்தது, நடுவில் மணலில் சிக்கிய ஆம்புலன்ஸையும் அதைத் தள்ளுகிறவர்களையும் எறும்பளவுக்குக் காணமுடிந்தது. வெள்ளத்தாய் பிள்ளையைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள்.

“எங்க ஊருல பொறக்கணும்னு நானும், ஒங்க ஊருல பொறக்கணும்னு நீங்களும் எத்தன மாசம் மல்லுக்கட்டுனோம் மைனி,” என்றாள். “ரெண்டு ஊரையும் காலுக்குக் கீழ போட்டுட்டுப் பொறந்திருக்கா பாருங்க, கழுத.”

பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், வெள்ளத்தாயின் ஒரு கை அப்போதும் பொத்தானில் இருந்தது. அன்னப்பழம் வெளியேயிருந்து எட்டிப் பார்த்து, “மைனி, ஒரு ரெண்டு நிமிசம் பொறுங்க, எடுத்துராதிய,” என்று கெஞ்சிவிட்டு ஓடினாள், அதன்பிறகுதான் அந்தப் பெண்களுக்குச் சேலை ஞாபகம் வந்தது. சேலைகள் நனைந்தன, குடங்கள் நிறைந்தன. முதல் குடத்தை அன்னப்பழம் வாசலில் கொண்டுவந்து வைத்தாள், “புள்ளயக் குளிப்பாட்டு, தவசி,” என்றாள், பேச்சு திரும்பி வந்துவிட்டது. வீடு இறங்கியபோது ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளத்தாயின் கட்டைவிரல் மூன்று நாள் மரத்துக் கிடந்தது. பேத்தி எந்த விரலைக் கொடுத்தாலும் பிடிக்காமல் அந்த விரலை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கியதால் அவள் தூத்துக்குடிக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒருவழியாகக் கிளம்பிய நாளில், கார் வாசலில் நிற்க, அவள் நேரே போய் மோட்டாரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரண்மேல் வைத்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சம்பந்தியின் காதோரம் வந்தாள்.

“மைனி, போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வந்துரட்டா?”

“அவசரமா மைனி?”

“அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள் வெள்ளத்தாய் வெட்கத்தோடு. “சும்மாதான்.”

தவசிக்கனி முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏ அன்னப்பழம், குடத்த எடுத்துக்கிட்டு வா!”